கிழிக்காத இருபத்து நான்கு

டிசம்பர் 29

தம்பிக்கு,

நலமா என்று கேட்டுத் தொடங்கும் உரிமையை ஆறு வருஷத்துக்கு முன்னால் நானே தூக்கி எறிந்துவிட்டேன். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

அம்மாவுக்கு வயிற்றில் கட்டி. நவம்பரிலேயே தெரிந்துவிட்டது. டாக்டர் இரண்டு தடவை ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, "இப்ப ஒரே இடத்துலதான் இருக்கு. எடுத்துடலாம். ஆனா ஜனவரிய தாண்ட விடாதீங்க" என்றார். ஜனவரி பதினாறு என்று நாளும் குறித்துக் கொடுத்தார். அம்மா ரொம்பச் சமத்தாகத் தலையாட்டினாள். "கிறிஸ்துமஸ் முடியட்டும் டாக்டர், மறுநாளே வந்து படுத்துக்கறேன்" என்றாள். அவரும் சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டார். நம் வீட்டுக் கிறிஸ்துமஸைப் பற்றி அந்த மனுஷருக்கு என்ன தெரியும்?

உனக்குத் தெரியும். அப்பா ஆம்புலன்ஸ் ஓட்டிய இருபத்தெட்டு வருஷத்தில் ஒரு இருபத்தைந்தாம் தேதியாவது வீட்டில் இருந்திருப்பாரா? குழந்தை பிறந்தவன், புதிதாகக் கல்யாணம் ஆனவன், ஊரிலிருந்து மாமியார் வந்திருப்பவன் என்று எல்லாருக்கும் தன் லீவைத் தாரை வார்த்துவிட்டு வண்டியில் ஏறிவிடுவார். அவர் வீடு வந்து சேரும் நாள்தான் நமக்குக் கிறிஸ்துமஸ். இருபத்தேழோ, முப்பதோ. அதுவரை சுவரில் தொங்கும் தினசரி காலண்டரில் இருபத்து நான்காம் தேதித் தாளை அம்மா யாரையும் தொட விடமாட்டாள். அப்பா வந்த பிறகுதான் மொத்தமாகக் கிழிப்பாள்.

அப்பா போன பிறகு ஐந்து வருஷம் அம்மா கிறிஸ்துமஸ் என்ற பேச்சையே எடுக்கவில்லை. காலண்டரை நான்தான் தினமும் கிழித்தேன், பல் தேய்ப்பது மாதிரி. இந்த வருஷம் இருபத்து நான்காம் தேதி காலையில் காலண்டருக்குக் கீழே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். "அவன் வராம இருபத்தஞ்சு வராது" என்றாள். அவன் என்றால் நீதான்.

இன்றோடு ஐந்து நாளாயிற்று. வீட்டில் இன்னும் இருபத்து நான்குதான்.

உன் விலாசத்தை உன்னோடு படித்த எலக்ட்ரீஷியனிடம் வாங்கினேன். போன் நம்பர் இருக்கிறது, தரவா என்றான். வேண்டாம் என்றேன். போனில் நாம் இரண்டு பேரும் மூன்றாவது நிமிஷம் கத்த ஆரம்பித்துவிடுவோம். எழுதினால் கத்துவதற்குக் கொஞ்சம் நேரம் பிடிக்கும்.

ஒரே ஒரு நாள் வந்து போ. நான் உன்னோடு பேசவேண்டும் என்றுகூட இல்லை.

அக்கா

&nbsp;

ஜனவரி 11

அக்காவுக்கு,

கடிதம் துறைமுக ஆபீஸில் நான்கு நாள் கிடந்து, என் ஷிப்ட் முடிந்த பிறகு கைக்கு வந்தது. உன் கையெழுத்தைப் பார்த்ததும் சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டேன். பிரிக்காமலே ஒரு நாள் வைத்திருந்தேன். தரையிலிருந்து நாற்பது மீட்டர் உயரத்தில், கிரேன் கேபினில், காலுக்குக் கீழே கண்ணாடித் தரை தெரிய உட்கார்ந்து வேலை பார்க்கிறவன் நான். எனக்கு உயரம் பயமில்லை. உன் கையெழுத்துதான் பயம்.

ஆபரேஷன் என்கிறாய். கோபித்துக்கொள்ளாதே, நான் பாதிதான் நம்பினேன். காலேஜ் ஹாஸ்டலில் இருந்தபோது "அம்மாவுக்கு நெஞ்சு வலி, உடனே வா" என்று சேதி வந்து, நான் பரீட்சையை விட்டுவிட்டு ஓடி வந்தேன். அம்மா ஸ்டூல் மேல் ஏறி நின்று மின்விசிறியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "இப்பதான் சரியாச்சு, ஸ்டூலைப் பிடி" என்றாள். அந்த அம்மாதானே இவள்?

அவள் இருபத்து நான்கைக் கிழிக்காமல் உட்கார்ந்திருப்பதை நினைத்தால் சிரிப்பும் வருகிறது, வேறு என்னவோவும் வருகிறது. எனக்கு ஏழு வயது இருக்கும்போது அப்பா முப்பதாம் தேதிதான் வந்தார், ஞாபகம் இருக்கிறதா? அம்மா இருபத்து மூன்றாம் தேதியே கேக் செய்து தையல் மெஷின் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டாள். அந்தப் பெட்டியின் பின்பலகை ஆணி கழன்றது என்று எனக்கு மட்டும்தான் தெரியும். தினமும் கையை விட்டு, கேக்கை அடியிலிருந்து ஸ்பூனால் தோண்டித் தோண்டித் தின்றேன். மேலே பார்த்தால் சர்க்கரைப் பூவும் வெள்ளைக் கிரீமுமாக ஜம்மென்று இருந்தது. அப்பா வந்து, பிரார்த்தனை முடிந்து, கத்தியை வைத்தார். கேக் பொசுக்கென்று உள்ளே போய்விட்டது. அப்பா கத்தியைப் பிடித்தபடி, "பேஷன்ட் ஏற்கெனவே போயாச்சு" என்றார். அம்மாகூடச் சிரித்துவிட்டாள். நான் அடி வாங்காத ஒரே கிறிஸ்துமஸ் அது.

அப்பாவோடு சிரித்த சிரிப்பெல்லாம் அந்த வீட்டில்தான் இருக்கிறது. ஆனால் அந்த வாசல்படியை மிதிக்காதே என்று சொன்னது நீ. அதுவும் அப்பாவைப் பெட்டியில் வைத்துக்கொண்டு, சர்ச்சுக்கு வந்த அத்தனை பேருக்கும் காது கேட்கும்படி. "உனக்காகக் காத்துக் காத்துத்தான் அப்பா செத்தாரு" என்றாய். ஆறு வருஷமாக அந்த வாக்கியத்தோடுதான் நான் கேபினில் ஏறி இறங்குகிறேன். நீ சொன்னதை நீதான் திரும்பி எடுக்கவேண்டும். "பேசவேண்டும் என்றுகூட இல்லை" என்று எழுதினால் அது எடுத்ததாகுமா?

அம்மாவிடம் சொல். நம் வீட்டுக் கிறிஸ்துமஸ் எங்கேயும் ஓடிப்போகாது. அது எத்தனை நாள் வேண்டுமானாலும் காத்திருக்கும், பழக்கம்தானே. ஆபரேஷன் நிஜமென்றால் அதை முதலில் முடிக்கட்டும்.

தம்பி

&nbsp;

ஜனவரி 24
(வீட்டில் டிசம்பர் 24)

தம்பிக்கு,

பதினாறாம் தேதி வந்து போய்விட்டது. அன்று காலை ஆட்டோவை வாசலில் நிறுத்திவைத்துக்கொண்டு ஒன்றரை மணி நேரம் கெஞ்சினேன். அம்மா பையைக்கூடக் கட்டி வைத்திருந்தாள். ஆனால் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. "கத்தி வெச்சப்புறம் நான் கண்ணைத் திறப்பேனோ மாட்டேனோ, அது கர்த்தருக்குத்தான் தெரியும். அதுக்கு முன்னால ரெண்டு பேரையும் ஒரே மேஜையில பாத்துடணும்" என்றாள். டாக்டர் என் மேல்தான் எரிந்து விழுந்தார். பிப்ரவரி பத்து என்று மறுபடி நாள் கொடுத்திருக்கிறார். மூன்றாவது தடவை தரமாட்டேன் என்று சொல்லவில்லை, ஆனால் அவர் பேனாவை மூடிய விதம் எனக்குப் பிடிக்கவில்லை.

நீ பாதி நம்பினாயாம். மீதிப் பாதியையும் சேர்த்து நம்பு. அம்மாவின் புடவையை இப்போது இன்னொரு சுற்று சுற்றிக் கட்டவேண்டியிருக்கிறது.

அவளை ஏமாற்றிப் பார்த்தேன். போன வாரம் அவள் குளிக்கும்போது பழைய காலண்டரின் மீதித் தாள்களை எல்லாம் கிழித்துக் குப்பையில் போட்டுவிட்டுப் புது வருஷக் காலண்டரை மாட்டினேன். நான் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடைக்குப் போய், மூன்று ஜோடி லென்ஸ் தேய்த்து பிரேமில் பொருத்தி முடிப்பதற்குள் பக்கத்து வீட்டம்மா கூப்பிட்டுவிட்டாள். அம்மா மூன்று மாடி இறங்கி, தெருக்கோடிக் குப்பைத் தொட்டியில் கையை விட்டுத் தேடிக்கொண்டிருக்கிறாளாம். நான் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது எட்டுத் தாளையும் பொறுக்கி எடுத்து, முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தாள். ஒன்றில் மீன் முள் ஒட்டியிருந்தது. மேலே வந்து துணி காயப்போடும் கிளிப்பால் அவற்றைச் சேர்த்துப் பிடித்துப் பழைய ஆணியிலேயே மாட்டினாள். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

உன் கடிதத்தில் கேக் கதையை மட்டும் அவளுக்கு வாசித்துக் காட்டினேன். மற்றதை வாசிக்கவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், பிறகு வலியில் பிடித்துக்கொண்டாள். ஒரு திருத்தம் எழுதச் சொன்னாள்: "அந்தப் பெட்டியோட ஆணியைப் பத்தி எனக்கும் தெரியும்னு எழுது. குழந்தை ஏழு நாள் கேக்கைப் பாத்துக்கிட்டே இருக்க முடியுமா? தெரிஞ்சுதான் அதுல வெச்சேன்."

என் பங்குக்கும் ஒரு திருத்தம். அந்தக் கேக்கின் இடது பக்கம் முழுக்க நான் தின்றது. நீ மட்டும்தான் திருடன் என்று இத்தனை வருஷம் பெருமைப்பட்டுக்கொண்டிருக்காதே.

இன்னொன்றும் சொல்லச் சொன்னாள். அப்பா இரண்டு ஷிப்ட் சேர்த்துப் பார்த்துவிட்டு வந்து, சாப்பாட்டு மேஜையில் பிரார்த்தனையைத் தொடங்கி, "ஆண்டவரே, இந்த மேஜையில இருக்கற" என்று சொன்னவர் அப்படியே தூங்கிப்போனாரே, அந்த வருஷம். அம்மா கண்ணாலேயே நம்மை மிரட்டினாள். பொரித்த கோழி ஆறிப்போக, நாம் மூன்று பேரும் கையைக் கூப்பியபடி முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். அப்பா கண்ணைத் திறந்து, "எல்லாரையும் ஆசீர்வதியும், ஆமென்" என்று விட்ட இடத்திலிருந்து முடித்தார். தான் தூங்கியதே அவருக்குத் தெரியாது. கடைசிவரை யாரும் சொல்லவில்லை.

அவளுக்கு உன்னை எவ்வளவு தேடுகிறது என்று என்னால் எழுத வரவில்லை. நீ என்னிடம் கேட்ட விஷயத்தைப் பற்றி இந்தக் கடிதத்தில் எழுத முடியவில்லை. பிப்ரவரி பத்துக்கு முன்னால் வா.

அக்கா

&nbsp;

பிப்ரவரி 6

அக்கா,

இடது பக்கம் நீயா? அதனால்தான் அவ்வளவு சீக்கிரம் சரிந்ததா? முப்பது வருஷமாக என் கைத்திறமை என்றே நினைத்திருந்தேன்.

எழுத உட்கார்ந்தால் அப்பாதான் வருகிறார். இருபத்தைந்தாம் தேதி சாயங்காலம் ஆறு மணிக்கு அம்மா நம்மைக் குளிப்பாட்டி, சட்டை மாட்டி, ஜன்னல் ஓரம் நிறுத்துவாள். ஆம்புலன்ஸ் கீழே தெருவைக் கடக்கும். உள்ளே நோயாளி இல்லையென்றால் மேல்விளக்கை மூன்று தடவை சுற்றவிடுவார். நம் வீட்டுச் சுவர், கிறிஸ்துமஸ் மரம், அம்மா முகம் எல்லாம் சிவப்பாகி அணையும். சைரன் போடமாட்டார், அது சட்டப்படி தப்பு என்பார். விளக்கு மட்டும் தப்பில்லையா என்று நீதான் கேட்டாய். "ஹெட்மிஸ்ட்ரஸ் கிட்ட மாட்டிக்கிட்டேன்" என்றார். அந்தப் பட்டம் உனக்கு அன்றைக்கு வந்ததுதான்.

நான் யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். ஆறு வருஷத்துக்கு முன்னால் இருபத்தெட்டாம் தேதி வருகிறேன் என்று சொல்லிவிட்டு ஏன் வரவில்லை என்று நீ ஒரு தடவையும் கேட்கவில்லை. லீவு கையெழுத்தாகி, பையெல்லாம் கட்டியாகிவிட்டது. இரண்டாம் நம்பர் கிரேன் ஓட்டுபவனின் பெண்டாட்டிக்கு எட்டாம் மாதத்திலேயே பிரசவ வலி. அவனுக்கு லீவு இல்லை. அவன் முகத்தைப் பார்த்தேன், என் லீவைக் கொடுத்துவிட்டேன். அப்பாவாக இருந்தால் கொடுத்திருப்பார் என்று நினைத்தேன். நினைத்தேன் என்ன, அந்த நிமிஷம் எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. ஜனவரி இரண்டாம் தேதி வருகிறேன் என்று ஒரு கார்டு எழுதிப் போட்டேன். நம் வீட்டில் காத்திருப்பார்கள், அது ஒன்றும் புதிதில்லையே என்று இருந்துவிட்டேன்.

கார்டு ஐந்தாம் தேதிதான் வந்தது என்று பிறகு கேள்விப்பட்டேன். அதற்குள் அப்பா மூன்று நாள் மழையில் பஸ் ஸ்டாண்டில் நின்றாராம். காய்ச்சலில் படுத்தாராம். நான் கப்பல் தாமதத்தில் மாட்டி, ஒன்பதாம் தேதி வந்தேன். அவர் பெட்டியில் இருந்தார்.

இதைச் சொல்லி நான் தப்பிக்கப் பார்க்கவில்லை. நீ சொன்னது நிஜம் என்று நம்புகிறேன், அதனால்தான் வர முடியவில்லை. அம்மாவின் எதிரில் அந்த மேஜையில் உட்கார்ந்து எப்படிச் சாப்பிடுவேன்? நீ ஒரு வார்த்தை எழுது. பொய்யாக எழுதினாலும் போதும்.

பத்தாம் தேதிக்குள் எப்படியும் முடியாது. மார்ச் நடுவரை கப்பல்கள் வரிசை கட்டி நிற்கின்றன. அம்மாவைப் பிடிவாதம் பிடிக்க வேண்டாமென்று நான் சொன்னதாகச் சொல். அவள் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியதும் வந்து நிற்கிறேன்.

தம்பி

&nbsp;

பிப்ரவரி 15
(வீட்டில் டிசம்பர் 24)

தம்பி,

உன் கடிதம் நேற்று வந்தது. பத்தாம் தேதியும் போய்விட்டது. நீ சொன்னதை அம்மாவிடம் சொன்னேன். "அவன் சின்னப் பையன், அவனுக்கு என்ன தெரியும்" என்றாள். உனக்கு முப்பத்தெட்டு வயது.

நீ பொய்யாக எழுதினாலும் போதும் என்கிறாய். நான் எழுதவேண்டியது பொய் இல்லை. அதனால்தான் கை வரமாட்டேன் என்கிறது.

&nbsp;

மார்ச் 4

மேலே உள்ளதை எழுதி மேஜை இழுப்பறையில் வைத்துப் பதினேழு நாளாகிறது. தினமும் கடையிலிருந்து வந்து எடுப்பேன், படிப்பேன், வைப்பேன். இன்று முடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பது என்று உட்கார்ந்திருக்கிறேன்.

அப்பா இறந்த அன்று காலையில், நீ வருவதற்கு நான்கு மணி நேரம் முன்னால், ஆஸ்பத்திரி டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அப்பாவுக்கு நுரையீரல் ஒரு வருஷமாகவே கெட்டுக்கிடந்ததாம். அப்பாவுக்கும் தெரியுமாம். மாத்திரைச் சீட்டைக்கூட எடுத்துக் காட்டினார். நம் யாரிடமும் சொல்லாமல் டிப்போ லாக்கரில் மாத்திரைகளை வைத்துச் சாப்பிட்டிருக்கிறார். "மழையில நின்னாலும் நிக்காட்டியும் இந்தக் குளிர்காலத்தை அவர் தாண்டியிருக்கமாட்டார்மா" என்றார் டாக்டர்.

இது எனக்குத் தெரியும். தெரிந்துதான் சர்ச்சில் உன்னை அப்படிச் சொன்னேன்.

ஏன் சொன்னேன் என்று ஆறு வருஷமாக யோசிக்கிறேன். ஒரு வருஷம் ஒரே வீட்டில் இருந்துகொண்டு அவர் இருமலைக் கேட்டும் எனக்குப் புரியவில்லை. ஊருக்கெல்லாம் கண்ணாடி போட்டு விடுகிறவள் நான், என் வீட்டில் நடந்தது எனக்குத் தெரியவில்லை. அந்த நேரத்தில் யாரையாவது கடித்துக் குதறவேண்டும் போல இருந்தது. நீ மட்டும்தான் சர்ச் வாசலில் பையோடு நின்றாய். பிறகு சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். நீ சாப்பிடாமல் கிளம்பிப் போனாய். ஒரு மாதம் போயிற்று, ஒரு வருஷம் போயிற்று. அப்புறம் அதைச் சொல்வதற்கு என்னிடம் முகமே இல்லை. அம்மாவிடமும் இன்றுவரை சொல்லவில்லை.

நீ அப்பாவைக் கொல்லவில்லை. நான் சொன்னது பொய். என்னை மன்னித்துவிடு. மன்னிக்காவிட்டாலும் வா.

நீ லீவைக் கொடுத்த கதையை அம்மாவுக்கு வாசித்தேன். "அப்பன் மாதிரியே கிறுக்கன்" என்றாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, அந்தக் குழந்தை பிழைத்ததா என்று கேட்டு எழுதச் சொன்னாள்.

அவள் இப்போது கஞ்சி மட்டும்தான் குடிக்கிறாள். நாளை மறுபடி ஸ்கேன் எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். தம்பி, கப்பல் எத்தனை நின்றாலும் நிற்கட்டும்.

அக்கா

&nbsp;

மார்ச் 14

அக்கா,

கடிதத்தை நான்கு தடவை படித்தேன். கேபினில் வைத்துப் படித்தேன், கீழேயிருந்து வயர்லெஸ்ஸில் கத்திக்கொண்டிருந்தார்கள். மூன்று கன்டெய்னர் தாமதமாகிவிட்டது.

உன் மேல் எனக்குக் கோபம் வரும் என்றுதான் நினைக்கிறேன். இன்னும் வரவில்லை. வந்தால் நேரில் காட்டுகிறேன்.

இருபத்து நான்காம் தேதி காலை பஸ்ஸில் இறங்குகிறேன். நான்கு நாள் லீவு. பஸ் ஸ்டாண்டுக்கு யாரும் வரவேண்டாம். அம்மாவைக் கேக் செய்யச் சொல்லாதே, நான் வாங்கி வருகிறேன். குழந்தை பிழைத்தது, பெண், பள்ளிக்கூடம் போகிறாள், முன்பல் இரண்டு இல்லை என்று அம்மாவிடம் சொல்.

தம்பி

&nbsp;

ஏப்ரல் 6

தம்பி,

நீ போய்ப் பத்து நாளாகிறது. கட்டில் விரிப்பை இன்னும் எடுக்க விடவில்லை அம்மா.

அந்த நாளைப் பற்றி நாம் எழுதிக்கொள்ளவேண்டியதில்லை, நீயும் இருந்தாய். இருந்தாலும் எழுதுகிறேன், எழுதினால் இன்னொரு தடவை நடந்த மாதிரி இருக்கிறது. மார்ச் மாத வெயிலில் மின்விசிறிக்குக் கீழே மரத்தை நிறுத்தி, சரவிளக்கில் எந்த பல்பு போயிருக்கிறது என்று நாம் இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திருகிப் பார்த்தோம். பக்கத்து வீட்டம்மா கதவிடுக்கில் எட்டிப் பார்த்து, "எல்லாம் நல்லபடியா இருக்கீங்களா" என்று கேட்டாள். அம்மா அவளுக்கு, "மெரி கிறிஸ்துமஸ்" என்றாள். அந்தம்மா முகம் போன போக்கை நினைத்து நீ மேஜையில் தலையை வைத்துச் சிரித்தாயே, ஆறு வருஷத்தில் இந்த வீடு கேட்ட உன் முதல் சிரிப்பு அது. அம்மா கேக்கில் சர்க்கரைப் பூவை மட்டும் நாக்கில் வைத்துக்கொண்டாள். எழுந்து போய், காலண்டரை ஆணியோடு பிடுங்கிக் கொடுத்து, "போதும், இவன் கிளம்பின மறுநாளே ஆஸ்பத்திரிக்குப் போகலாம். இனி எனக்கு ஒண்ணும் பயமில்லை" என்றாள்.

நீ என் கையைப் பிடித்து அழுத்தினாய். ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தாய். நான் பாத்திரம் கழுவப் போய்விட்டேன்.

மார்ச் இருபதாம் தேதியே டாக்டர் சொல்லிவிட்டார் தம்பி. கட்டி இப்போது ஒரே இடத்தில் இல்லை. கல்லீரலுக்குப் போய்விட்டது. இனி திறந்தால் மூடுவதற்கு மட்டும்தான். "ஜனவரியில வந்திருந்தா வேற மாதிரி பேசியிருப்பேன்" என்றார். எவ்வளவு நாள் என்று கேட்டேன். ஆகஸ்ட் என்றார், அதுவும் தயங்கித்தான் சொன்னார்.

நீ பஸ்ஸில் வந்து இறங்குவதற்கு நான்கு நாள் முன்னாலேயே எனக்குத் தெரியும். உனக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நீ அந்த மேஜையில் அப்படிச் சிரித்திருக்கமாட்டாய், அவள் கேட்டது அந்த ஒன்றைத்தான். மறுபடியும் உன்னிடம் ஒன்றை மறைத்திருக்கிறேன். இந்தத் தடவை ஆறு வருஷம் வைத்திருக்க என்னால் முடியாது.

நீ போன மறுநாள் அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். டாக்டரிடம் முன்கூட்டியே பேசி வைத்திருந்தேன். இரண்டு நாள் படுக்க வைத்து, பாட்டில் ஏற்றி, வலிக்கு மருந்து கொடுத்து, "ஆபரேஷன் இல்லாமலே மருந்துல பாக்கலாம்மா" என்று சொல்லி அனுப்பினார். வலி குறைந்ததும் அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். "பாத்தியா, அவன் வந்தான், கத்தியே வேண்டாம்னுட்டாங்க" என்று மாடிப்படியில் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறாள். நான் பக்கத்தில் நின்று தலையாட்டுகிறேன்.

என் பதினேழு நாள் கணக்கு எனக்கு மறப்பதில்லை. அந்தக் கடிதத்தை அன்றே தபாலில் போட்டிருந்தால் நீ பிப்ரவரி முடிவதற்குள் வந்திருப்பாயா? பிப்ரவரியில் இருந்தால் முடிந்திருக்குமா? டாக்டரிடம் கேட்க வாய் வரவில்லை. கேட்டு என்ன செய்யப்போகிறேன்?

இப்போது அம்மா உன்னிடம் ஒன்று கேட்கச் சொல்கிறாள். அடுத்த கிறிஸ்துமஸ் நமக்கு என்றைக்கு என்று நீதான் சொல்லவேண்டுமாம். "முன்னால அப்பா சொல்லுவாரு, இனி அவன் சொல்லட்டும், அதுக்குத் தக்கபடி நான் இருந்துக்கறேன்" என்கிறாள். தினமும் காலையில் தபால் வந்ததா என்று கேட்கிறாள். ஏதாவது ஒரு தேதி எழுது தம்பி. அவளுக்கு வாசித்துக் காட்டுகிற மாதிரி, தனித் தாளில் எழுது.

அக்கா

&nbsp;

ஏப்ரல் 19

அன்புள்ள அம்மாவுக்கு,

நீ மருந்தெல்லாம் ஒழுங்காகச் சாப்பிடுகிறாய் என்று அக்கா எழுதியிருக்கிறாள். நம்பமுடியவில்லை, ஆனாலும் சந்தோஷம். குப்பைத் தொட்டிக்குள் கையை விடும் வேலையெல்லாம் இனி வேண்டாம்.

இந்த வருஷம் நமக்குக் கிறிஸ்துமஸ் டிசம்பர் இருபத்தேழு. நான் லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். யார் பெண்டாட்டிக்குப் பிரசவ வலி வந்தாலும் இந்தத் தடவை விட்டுக்கொடுக்கமாட்டேன், அப்பா மேலிருந்து கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. நடுவில் ஜூன் மாதமும் ஐந்து நாள் வருகிறேன். நீ சமையல்கட்டுக்குள் போகக்கூடாது. கோழி நான் பொரிக்கிறேன், கருகினால் அக்கா தின்பாள்.

உன் மகன்

&nbsp;

அக்கா,

மேலே உள்ள தாளைத் தனியாக எடுத்து அம்மாவிடம் கொடு. இது உனக்கு.

உன் மேல் வரும் என்று சொன்ன கோபம் வந்தது. கடிதத்தைக் கசக்கி எறிந்தேன், பிறகு தேடி எடுத்தேன். நான்கு நாள் போனது. இப்போது அந்தக் கோபம் உன் பக்கம் நிற்கவில்லை. நீ பதினேழு நாள் கணக்கு வைத்திருக்கிறாய். நான் என் கணக்கைச் சொல்லவா? உன் முதல் கடிதத்திலேயே ஜனவரியைத் தாண்டக்கூடாது என்று எழுதியிருந்தாய். படித்துவிட்டு, நம் வீட்டுக் கிறிஸ்துமஸ் எத்தனை நாள் வேண்டுமானாலும் காத்திருக்கும் என்று எழுதினேன். சின்ன வயதிலிருந்து யாருக்காவது காத்திருந்தே வளர்ந்ததில், காத்திருந்தால் ஆள் வந்துவிடுவார், வந்ததும் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பிவிட்டேன். உன்னை ஒரு வார்த்தைக்காகக் காக்க வைத்தேன், நீயும் எழுதாமல் என்னைக் காக்க வைத்தாய். அம்மா இரண்டு பேருக்காகவும் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். வயிற்றுக்குள் இருந்தது மட்டும் யாருக்காகவும் நிற்கவில்லை.

வாசலில் அவளைக் கட்டிப்பிடித்தபோதே எனக்குத் தெரிந்திருக்கவேண்டும். முதுகெலும்பு ஒவ்வொன்றாகக் கையில் தட்டுப்பட்டது. பிரயாணக் களைப்பு உனக்கா எனக்கா என்று ஏதோ தமாஷ் பேசினேன்.

தேதி பொய் இல்லை அக்கா. ஏதாவது ஒரு தேதி எழுது என்றாய், அப்படி எழுத மனசு வரவில்லை. நிஜமாகவே ஆபீஸுக்குப் போய் டிசம்பர் இருபத்தேழிலிருந்து முப்பத்தொன்று வரை லீவு எழுதிக் கொடுத்தேன். காரணம் என்ற இடத்தில் கிறிஸ்துமஸ் என்று எழுதினேன். அங்கே இருந்த கிளார்க், "அது இருபத்தஞ்சுதானே, தப்பா போட்டிருக்கீங்க" என்றார். "எங்க வீட்டுல இருபத்தேழு" என்றேன். எட்டு மாதம் முன்னால் கேட்டதால் உடனே கையெழுத்தாகிவிட்டது. இந்த வேலையில் சேர்ந்து பதிமூன்று வருஷத்தில் ஒரு மறுப்பும் இல்லாமல் எனக்குக் கிடைத்த முதல் லீவு இதுதான்.

ஜூனில் வருகிறேன். அதற்குப் பிறகு நீ கூப்பிடும்போது வருவேன். எதற்குக் கூப்பிடுவாய் என்று நமக்குத் தெரியும். அப்போது போன் செய், எழுதிக்கொண்டிருக்காதே. எலக்ட்ரீஷியனிடம் நம்பர் இருக்கிறது.

டிசம்பர் லீவை நான் ரத்து செய்யப் போவதில்லை. இருபத்தேழாம் தேதி காலை பஸ்ஸில் வந்து இறங்குவேன். நீ கடைக்கு லீவு சொல்லிவிட்டு வீட்டில் இரு. எனக்குப் போக வேறு வீடு இல்லை.

தம்பி